பெருவின் பழங்கால மண்டையோட்டுத் துளைகள் சிகிச்சைக்காகவா, பேயோட்டுவதற்காகவா?

ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தலையில் துளையிட்டால் பேய் வெளியேறும் என்று தென் அமெரிக்காவின் பெருவில் வாழ்ந்த பழங்கால மக்கள் நம்பினார்கள் என ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரியை என்னால் சும்மா கடந்துபோக முடிவதில்லை. அதற்குக் காரணம் என் தம்பி.

இருசக்கர வாகன விபத்தில் அவனுக்குத் தலைக்குள் இரத்தம் கட்டி மூளை வீங்கியபோது, மருத்துவர்கள் மண்டையோட்டில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். "மண்டையைத் திறந்த பிறகு யார் பிழைத்திருக்கிறார்கள்?" என்று உறவினர்கள் என் அம்மாவின் காதுபடவே பேசினார்கள். அவன் பிழைத்தான். சில மாதங்களுக்குப் பிறகு, அந்த எலும்பைத் திரும்பப் பொருத்துவதற்கு முன் எடுத்த ஸ்கேன் படத்தில், வெட்டிய விளிம்பு கூர்மை மழுங்கி ஆறியிருந்ததை மருத்துவர் எங்களுக்குக் காட்டினார். உயிரோடு இருப்பவரின் எலும்பு மட்டுமே அப்படி ஆறும் என்றும், பெருவின் மண்டையோடுகளில் ஆய்வாளர்கள் தேடுவதும் அதே அடையாளத்தைத்தான் என்றும் அவர் சொன்ன நாள் முதல் இதைப் பற்றிப் படித்து வருகிறேன்.

1860களில் எஃப்ரயிம் ஸ்குவயர் என்ற அமெரிக்கத் தூதருக்குப் பெருவின் குஸ்கோ நகரில் ஒரு மண்டையோடு கிடைத்தது. குறுக்கும் நெடுக்குமாக நான்கு கோடுகள் அறுத்து அதில் ஒரு சதுரத் துண்டு எடுக்கப்பட்டிருந்தது. 1867இல் பாரிஸில் அதை ஆராய்ந்த பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, வெட்டைச் சுற்றியிருந்த அழற்சித் தடயங்களை வைத்து, அந்த அறுவை உயிருள்ள மனிதருக்கே நடந்தது என்று அறிவித்தார்.

பிந்தைய ஆய்வுகள் இன்னும் தெளிவானவை. கி.மு. 400–200 காலத்தைச் சேர்ந்த, தென்கடலோரப் பராகாஸ் பகுதியின் 59 மண்டையோடுகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் நெடுநாள் பிழைத்திருந்தனர். கி.பி. 15–16ஆம் நூற்றாண்டுகளில், இன்காப் பேரரசின் காலத்துக் குஸ்கோ வட்டாரத்தின் 160 மண்டையோடுகளில் அந்த அளவு 75 முதல் 83 விழுக்காடு. அதற்கும் பிந்தைய 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இத்தகைய அறுவைக்கு உள்ளானவர்களில் பாதிப்பேர் அளவுக்கு இறந்துபோனதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். துளையிடுவதையும் வெட்டுவதையும் விட, எலும்பை மெல்லமெல்லச் சுரண்டியெடுத்து, மூளையின் மேலுறையைக் கிழிக்காமல் நிறுத்தும் முறை அதிகம் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. கவண்கல்லும் கல்தலைத் தண்டாயுதமும் போராயுதங்களாக இருந்த அந்த நாட்டில், துளைகள் பல மண்டை முறிவுகளின் அருகிலேயே காணப்படுகின்றன. பெண்களைவிட ஆண்களிடமே இவை மிகுதி.

இது மண்டையோட்டு அறுவைதானே, மூளை அறுவை ஆகாதே என்று யாராவது திருத்த வரலாம், சரிதான், ஒப்புக்கொள்கிறேன். எல்லா மண்டையோடுகளிலும் முறிவு இல்லை, எனவே சிலவற்றுக்கு வேறு காரணங்களும் நம்பிக்கைகளும் இருந்திருக்கலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சடங்கு ஒன்றே போதுமென்று இருந்தவர்கள், ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிழைப்போர் தொகை கூடும்படி முறையைச் செம்மைப்படுத்தியிருப்பார்களா?

எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஸ்குவயரையும் புரோக்காவையும் சொல்லிவிட்டு, பெரு நாட்டுத் தொல்லியலாளர் ஹூலியோ டெல்லோவை விட்டுவிடுகிறார்கள். 1880இல் உவரோச்சிரி மலைப்பகுதியில் கெச்சுவா பேசும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை தங்கள் ஊரில் சேகரித்து லிமாவுக்கு அனுப்பிய மண்டையோடுகளின் படங்களை, மருத்துவ மாணவராக இருந்தபோது, முனீஸ் என்ற இராணுவ மருத்துவரும் மெக்கீ என்ற அமெரிக்க மானிடவியலாளரும் 1897இல் வெளியிட்ட ஆய்வில் டெல்லோ கண்டார். பிறகு தாமே நூற்றுக்கணக்கானவற்றைத் திரட்டினார். அத்தொகுப்பு ஹார்வர்டுக்குச் சென்றது. 1925இல் பராகாஸ் புதைகுழிகளை அறிவுலகுக்குக் காட்டியவரும் அவரே. அங்கே கிடைத்த நீண்ட மண்டையோடுகள், குழந்தைப் பருவத்தில் தலையை இறுகக் கட்டி வடிவமைத்தவை. அவற்றை வேற்றுக்கிரகவாசிகளின் தலைகள் என்று காட்டும் காணொளிகளுக்கு இருக்கும் பார்வையாளர்களில் ஒரு சிறு பங்காவது டெல்லோவின் பெயரைக் கேட்டிருக்க வேண்டும்.