ஒனிகிரி என்ற ஜப்பானியச் சோற்று உருண்டையை வீட்டில் பிடிப்பது எப்படி? காலையில் கட்டினால் மதியம் வரை நன்றாக இருக்குமா?

பிடிக்கும்போது உதிர்ந்துபோகிறது, எப்படியோ பிடித்து டப்பாவில் வைத்தால் மதியம் கல்லாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பொன்னி அரிசியில் வருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தப்புகள் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்து முடித்த தகுதியில் பதில் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது டோக்கியோவில், நிஷி கசாய் பக்கம். இங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மதியச் சாப்பாடு பள்ளியிலேயே போட்டுவிடுவார்கள். 'என்சொகு' என்று பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகும் நாளில் மட்டும் வீட்டிலிருந்து பென்டோ, அதாவது டப்பாச் சாப்பாடு, கட்டிக் கொடுக்க வேண்டும். மகன் முதல் வகுப்பில் இருந்தபோது அப்படி ஒரு நாள் வந்தது. தயிர்சாதம் கட்டலாம் என்றிருந்தேன். எல்லாரும் ஒனிகிரிதான் கொண்டுவருவார்கள், எனக்கும் அதுதான் வேண்டும் என்றுவிட்டான். சரி, சோற்று உருண்டைதானே, நமக்குத் தெரியாததா என்று இறங்கினேன்.

'நிகிரு' என்றால் கைக்குள் இறுக்கிப் பிடிப்பது. பெயரிலேயே செய்முறை இருக்கிறதே என்று பிடிகொழுக்கட்டை பிடிப்பதுபோல அழுத்தி, முந்தின இரவே மூன்று உருண்டை செய்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மாலையில் மூன்றும் திரும்பி வந்தன. ஒன்றில் மட்டும் ஒரு கடி.

கீழ் வீட்டுப் பாட்டியிடம் போய்ப் புலம்பியபோது, அடுத்த வாரமே தன் அடுப்படியில் நிற்கவைத்துக் காட்டிக்கொடுத்தார். இடக்கை உள்ளங்கையில் சோறு. வலக்கை விரல்களைக் கூரைபோல மடித்து மேலே வைக்க வேண்டும். அந்தக் கூரைதான் முக்கோணத்தின் முனை. லேசாக ஓர் அழுத்து, கொஞ்சம் திருப்பு, மறுபடி ஓர் அழுத்து. மூன்று நான்கு முறையோடு சரி, அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. வெளிப்பக்கம் மட்டும் ஒட்டியிருக்க வேண்டும், உள்ளே பருக்கைகளுக்கு நடுவில் காற்று இருக்க வேண்டும். கையில் உடையக் கூடாது, வாயில் போட்டதும் உதிர வேண்டும். பெயர் சொல்வது ஒன்று, கை செய்வது வேறொன்று.

இனி அரிசி. நீங்கள் அழுத்துவதற்கே காரணம் அரிசியாகத்தான் இருக்கும். ஜப்பானியக் குட்டை அரிசியில் அமிலோஸ் என்ற மாவுச்சத்து 20 சதவிகிதத்துக்கும் குறைவு, அதனால் தானாகவே ஒட்டும். பொன்னியும் பாசுமதியும் உதிரி உதிரியாக வருவதுதான் அவற்றின் சிறப்பு, அவற்றை ஒட்டவைக்க வேண்டுமென்றால் குழைய விட்டு அமுக்கத்தான் வேண்டும். உருண்டை வரும், ஒனிகிரி வராது. கோஷிஹிகாரி, அகிதகோமாச்சி என்ற பெயர்களில் தேடுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் 'சுஷி அரிசி' என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் இந்தக் குட்டை அரிசிதான். சுஷிக்குச் சேர்க்கும் வினிகர் மட்டும் இதற்கு வேண்டாம். மோச்சி என்ற பலகாரம் செய்கிற ஒட்டரிசி வேறு, அதை மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இங்கே அரிசி அளக்கும் குவளை 180 மில்லி, அதில் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். மூன்று நான்கு தண்ணீரில் கழுவி அரைமணி நேரம் ஊறவிடுங்கள், குளிர்காலமானால் ஒரு மணி நேரம். 200 மில்லி தண்ணீர் வைத்து, கொதித்ததும் தீயைக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம், அடுப்பை அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் இன்னொரு பத்து நிமிடம். கஞ்சி வடிக்கிற வேலை இல்லை. அப்புறம் அடியிலிருந்து கிளறி ஆவியை வெளியேற்றுங்கள். மூன்று ஒனிகிரிக்குச் சரியாக வரும். சூடாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும், ஆறிய சோறு ஒட்டாது.

பாட்டி வெறுங்கையை நனைத்து, உப்பைத் தடவிக்கொண்டுதான் பிடிப்பார். பிடித்ததும் சாப்பிட அதுதான் ருசி. ஆனால் மதியம் வரை டப்பாவில் இருக்கப்போகிறது என்றால் நான் கை வைக்க மாட்டேன். நம் தோலில், அதுவும் சின்ன வெட்டுக்காயம் இருந்தால், ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி இருக்கும். அது சோற்றில் பெருகி விடுகிற நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மேற்சொன்ன அளவுக்கு அரைத் தேக்கரண்டி உப்பைச் சோற்றிலேயே கலந்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் உறைத்தாளில் வைத்துப் பிடிக்கிறேன். கை சுடாது என்பது கூடுதல் வசதி.

உள்ளே வைக்க உமெபோஷிதான் என் முதல் தேர்வு. உமெ என்ற புளிப்புக் காயை உப்பில் ஊறவைத்துக் காயவைப்பது. மரபான முறையில் காயின் எடையில் 20 சதவிகிதம் வரைகூட உப்புப் போடுவார்கள், சுற்றியுள்ள சோறு சீக்கிரம் கெடாமல் இருக்க அது உதவும். தேன் போட்ட, உப்புக் குறைத்த வகைகளுக்கு அந்தச் சக்தி அவ்வளவு இல்லை. சைவக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: சில உமெபோஷியில் காய்ந்த மீன் சீவல் கலந்திருக்கும், 'ஒகாகா' என்றால் முழுக்கவே அதுதான். கொம்பு என்ற கடற்பாசியை சோயா சாஸில் சுண்டவைத்ததும் நன்றாக இருக்கும், அதிலும் மீன் சாறு இருக்கிறதா என்று உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். மீன் சாப்பிடுபவர்களுக்கு உப்பு போட்டுச் சுட்ட சால்மன். மயோனைஸில் பிசைந்த சூரை மீன் என் மகனுக்கு உயிர், ஆனால் வெயில் மாதங்களில் அதைக் கட்டிக் கொடுக்க மாட்டேன். நம் ஆவக்காயையும் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் கசிந்து, உருண்டை நடுவில் பிளந்துகொண்டது.

நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளைக் காலையிலேயே மேலே சுற்றாதீர்கள், மதியம் ஈரத்துணி மாதிரி ஆகிவிடும். (அப்படி நமுத்துப்போய் இருப்பதுதான் பிடிக்கும் என்பவர்களும் இங்கே உண்டு.) செவன் இலெவன் கடைகள் 1978-லேயே நோரிக்கும் சோற்றுக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து விற்க ஆரம்பித்துவிட்டன. நாம் தனியாக மடித்துக் கொடுத்தால் போதும், பிள்ளைகள் சாப்பிடும்போது சுற்றிக்கொள்வார்கள்.

மதியம் கல்லாவதற்கு வருவோம். வெந்த மாவுச்சத்து குளிரில் திரும்ப இறுகும், அதுவும் உறைநிலைக்குச் சற்று மேலே, 0 முதல் 4 டிகிரி வரை, மிக வேகமாக. சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே கிட்டத்தட்ட அந்தச் சூடுதான். ஆகவே இரவே செய்துவைக்க வேண்டுமென்றால் உறைவிப்பானில் வையுங்கள். காலையில் மைக்ரோவேவில் நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டுக் கட்டலாம். இல்லையென்றால் அரைமணி நேரம் முன்னால் எழுந்திருப்பதுதான் வழி. எப்படியானாலும் முழுக்க ஆறிய பிறகே டப்பாவை மூடுங்கள், இல்லாவிட்டால் மூடியில் வேர்த்து உள்ளே சொட்டும். கோடையில் டப்பாவின் மேல் ஒரு குளிர்க்கட்டிப் பொட்டலம் வைத்துத் துணியால் கட்டிவிடுங்கள், பொட்டலம் சோற்றை நேராகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

அழுத்திப் பிடித்துவிட்டீர்களா? தூக்கிப் போடாதீர்கள். தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் காயவிட்டு, மேலே சோயா சாஸ் தடவி மறுபடி வாட்டினால் 'யாகி ஒனிகிரி'. இதற்கு இறுக்கமாக இருப்பதே நல்லது. சாஸ் தடவிய பிறகு கொஞ்சம் அசந்தால் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். தோசைத் திருப்பியால் சுரண்டி எடுக்கிற அந்தக் கருகல் யாருக்கு என்பதில்தான் இப்போது எங்கள் வீட்டில் சண்டை.