கேள்வி–பதில்: தடுப்பூசியும் ஈஸ்ட் பொடியும்

கேள்வி: அக்கா மகனுக்கு 4 வயசு. நியூரோபிளாஸ்டோமா (குழந்தைகளுக்கு நரம்புச்செல்லில் வரும் புற்றுநோய்). திருவனந்தபுரத்தில் கீமோ ஓடுகிறது. அமெரிக்காவில் புற்றுநோய்த் தடுப்பூசியோடு ‘பீட்டா குளூகன்’ என்ற சத்துப்பொடியும் கொடுத்துச் சோதித்தார்களாமே? பாறசாலை மருந்துக்கடையில் அதே பெயரில் கேப்சூல் கிடைக்கிறது. இப்போதே கொடுக்கலாமா?
– வாசகி, களியக்காவிளை

பதில்: வேண்டாம். அந்தப் பொடியை ஊசியோடு சேர்த்துத்தான் சோதித்தார்கள்; தனியாகக் கொடுத்தால் பலன் என்று அந்தச் சோதனை காட்டவில்லை.

அது நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தின் சோதனை. புற்றுச்செல்லின் மேலுள்ள ஜிடி2, ஜிடி3 என்ற சர்க்கரைக் கொழுப்புகளைக் குறிவைத்து ஓராண்டில் 7 ஊசி. அதனால் உருவாகும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) செல்லில் ஒட்டும். அதன்மேல் ரத்தத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்ற புரதம் படியும். வெள்ளணு தன் மேலுள்ள ஏற்பியால் அதைத் தொட்டும் சும்மா நிற்கும். பேக்கரி ஈஸ்ட்டின் உறையிலிருந்து எடுத்த பீட்டா குளூகன் அதே ஏற்பியின் இன்னொரு முனையில் பொருந்தினால் தாக்கும் என்பதே சோதனையின் அடிப்படை எண்ணம். ஆன்டிபாடியே இல்லாத உடம்பில் அது எதைத் தாக்க?

கொடுத்தது கிலோவுக்கு 40 மி.கி.; 15 கிலோ குழந்தைக்கு நாளுக்கு 600. 14 நாள் கொடுத்து 14 நாள் நிறுத்தினார்கள். 2021இல் வந்த முடிவில் 102 பேர்; நோய் ஒருமுறையாவது திரும்பி, மறுபடி அடங்கியவர்கள். 5 ஆண்டில் நோய் தலைகாட்டாதவர்கள் 32 சதவீதம். ஒப்பிட இன்னொரு குழு இல்லாததால், பலன் ஊசியாலா பொடியாலா என்று பிரிக்க முடியவில்லை. இன்னொரு சோதனையில் எல்லோருக்கும் ஊசி போட்டு, குலுக்கல் முறையில் ஒரு குழுவுக்குத் தொடக்கத்திலிருந்தும் மறுகுழுவுக்கு 6ஆம் வாரத்திலிருந்தும் பொடி கொடுத்தார்கள். முதல் குழுவில் ஆன்டிபாடி நன்றாக ஏறியது. அங்கே முக்கியமாக அளந்தது ஆன்டிபாடியைத்தான், ஆயுளை அல்ல.

கடைக் கேப்சூலில் இருப்பது ஓட்ஸ் குளூகனா, காளானா, ஈஸ்ட்டா என்று லேபிளைப் பாருங்கள். மூன்றின் அமைப்பும் வேறு. அதைவிடக் கவனிக்க வேண்டியது, வயிற்றுப்போக்குக்குத் தரும் சில பாக்கெட்டுகளில் உயிருள்ள ஈஸ்ட் இருக்கும். கீமோவில் வெள்ளணு குறைந்து, நெஞ்சில் மருந்தேற்றும் குழாயும் உள்ள குழந்தைக்கு அது ரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம். கட்டிலருகே பாக்கெட்டைப் பிரித்தால் பறக்கும் தூசியே குழாய்வழி உள்ளே போகக்கூடும். வீட்டில் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்தியாவில் இப்படிச் சோதனை நடக்கிறதா என்பதை சிடிஆர்ஐ (CTRI) என்ற மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இலவசமாகத் தேடலாம். சேருவதானால் சோதனை மருந்துக்குக் காசு கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள்; கேட்டால் சந்தேகப்படலாம். மலையாளம் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாது என்றால், ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்து.