கோடை விடுமுறையில் குளம், திரை, கைவேலை: நீச்சல் மாஸ்டர் பதில் சொல்கிறார்

அல்சூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நெடுங்காலம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்துவிட்டு, இப்போது காலை வேளைகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத் தருகிறேன். ஏப்ரல் பிறந்தால் போதும், பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் நீச்சலை மட்டும் கேட்பதில்லை. விடுமுறை முழுவதையும் என் தலையில் கட்டிவிடுகிறார்கள். இவ்வாண்டு வந்தவற்றுள் சில கேள்விகளும் அவற்றுக்கு நான் தந்த பதில்களும் இங்கே.

கேள்வி (ஒயிட்ஃபீல்டு, இரு பிள்ளைகளின் தாய்): மாஸ்டர், நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஆறு வயதும் ஆகின்றன. காலை முதல் மாலை வரை ஏதாவது ஒரு வகுப்பில் அடைத்து வைக்க மனம் வரவில்லை. ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். நாளை எப்படிப் பிரிப்பது?

பதில்: இந்த ஊர் வெயிலே உங்களுக்காக நாளைப் பிரித்து வைத்திருக்கிறது. காலை ஒன்பதரை வரை வெயில் இதமாக இருப்பதால் அது தண்ணீருக்கான நேரம். பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே தலைகாட்ட முடியாது என்பதால் அது வீட்டுக்குள் கைவேலைக்கு. ஆறரை மணிக்கு மேல் சூரியன் மறைந்த பிறகு சினிமா. இதற்கு மேல் ஓர் அட்டவணை போட்டீர்களானால் அது இன்னொரு பள்ளிக்கூடமாகிவிடும்.

மாமியார் வந்திருப்பது உங்களுடைய பெரிய அதிர்ஷ்டம், வடாம் போடலாம். இரவே ஜவ்வரிசியை ஊற வைத்து, விடியற்காலையில் அரிசி மாவோடு சேர்த்துக் கூழாகக் கிளறி, அரைத்த பச்சை மிளகாயும் உப்பும் பெருங்காயமும் போட்டு, சற்று ஆறிய பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்து, மொட்டை மாடியில் விரித்த பழைய வேட்டியில் கரண்டி கரண்டியாக ஊற்றச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்காரர் ஊற்றலாம். ஆறு வயதுக்காரருக்குக் காக்கை விரட்டும் உத்தியோகம், அதுவும் நிழலில் குடைக்கடியில் உட்கார்ந்துகொண்டு. மாலையில் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் வடாம் ஒவ்வொன்றாக உரிந்து வரும். அந்தக் கணத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்! பிறகு தட்டில் பரப்பி இன்னும் இரண்டு நாள் காயவிட்டால் போதும். ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள்; மே பிறந்துவிட்டால் இங்கே எந்த மாலையில் இடிமழை கொட்டும் என்று சொல்ல இயலாது.

கேள்வி (ஜெயநகர், ஒரு தந்தை): நாங்கள் போகும் குளத்தில் குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது. தண்ணீர் மிகவும் சுத்தமாக இருப்பதாக இதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நேர்மாறாக எடுத்துக்கொள்ளுங்கள். அளவாகக் குளோரின் கலந்து நன்றாகப் பராமரிக்கப்படும் குளத்தில் வாடை அவ்வளவாக இருப்பதில்லை. குளிப்பவர்களின் வியர்வை, சிறுநீர், உடம்பில் பூசிய எண்ணெய் ஆகியவற்றோடு குளோரின் சேரும்போது உண்டாகும் குளோரமைன் என்னும் பொருள்தான் அப்படி நாறுகிறது. கண் எரிவதற்கும் இருமல் வருவதற்கும் காரணம் அதுவே. ஆகவே, குளத்தில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிப்பது மற்றவர்களுக்கு நாம் செய்யும் உபகாரம்.

குளத்துப் பொறுப்பாளரிடம் இரண்டு கணக்குகள் கேளுங்கள். கலந்திருக்கும் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையும், நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8 வரையும் இருக்க வேண்டும். வெயில் குளோரினைச் சிதைத்துவிடும் என்பதால், திறந்தவெளிக் குளத்தில் காலையில் மட்டும் சோதித்தால் போதாது. கருவி ஏதும் இல்லாமல் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு: ஆழமான பக்கம் கரையில் நின்று பாருங்கள், அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரியவில்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். ஏனென்றால், அத்தகைய கலங்கல் நீரில் ஒரு பிள்ளை மூழ்கிக் கிடந்தாலும் யார் கண்ணிலும் படாது.

கேள்வி (கே.ஆர். புரம்): என் ஐந்து வயது மகளுக்குக் காற்றடைத்த கைப்பட்டைகள் வாங்கியிருக்கிறேன். அவை இருந்தால் நான் கரையில் உட்கார்ந்திருக்கலாமா?

பதில்: கூடாது. அவை விளையாட்டுச் சாமான். கழன்றுபோகும், காற்று இறங்கும். அத்துடன் பிள்ளையை நட்டக்குத்தாக நிறுத்திப் பழக்கிவிடுவதால், பிற்பாடு மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுப்பதும் கடினமாகிறது. நீங்கள் தண்ணீருக்குள், கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். கைபேசி பைக்குள் இருக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை, கையை ஆட்டி அழைப்பதுமில்லை, சத்தமில்லாமல் அமிழ்ந்துவிடும்.

கேள்வி (ஸ்ரீராமபுரம், 38 வயது இல்லத்தரசி): ஐயா, மகனை வகுப்புக்கு அழைத்து வரும்போதெல்லாம் எனக்கும் ஆசையாக இருக்கிறது. இந்த வயதில் நீந்தக் கற்க முடியுமா? கூச்சமாகவும் பயமாகவும் உள்ளது.

பதில்: முடியும் அம்மா. பயம் தண்ணீரைப் பற்றியது அன்று, மூச்சைப் பற்றியது. பெரியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வது. வெளியே தலையைத் தூக்கிய அரைக் கணத்திற்குள் மூச்சை விடவும் இழுக்கவும் முயன்று திணறிப்போகிறார்கள். வீட்டிலேயே ஓர் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, முகத்தை அமிழ்த்தி மூக்காலும் வாயாலும் நிதானமாகக் குமிழி விட்டு, தலையைத் தூக்கி வாயால் மூச்சிழுக்கப் பழகுங்கள். நாளொன்றுக்கு ஐம்பது தடவை, ஒரு வாரம். அதற்குப் பிறகு மார்பளவு தண்ணீரில் மிதத்தல், சுவரை உதைத்து வழுக்குதல், அதன்பின் கால் உதைத்தல் என்ற வரிசையில் போகலாம், கைவீச்சு கடைசியில்தான். பல குளங்களில் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குகிறார்கள், விசாரியுங்கள். முடியைக் குழாய்த் தண்ணீரில் முன்னதாகவே நனைத்துத் தொப்பி அணிந்தால் குளத்து நீரை முடி அதிகம் உறிஞ்சாது.

கேள்வி (எலெக்ட்ரானிக் சிட்டி, குடியிருப்போர் சங்கச் செயலர்): மொட்டை மாடியில் புரொஜெக்டர் வைத்துப் பிள்ளைகளுக்குப் படம் காட்டலாம் என்று இருக்கிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: சென்ற ஆண்டு எங்கள் மாடியில் இதைச் செய்து நன்றாகப் பட்டுக்கொண்டேன். படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினோம். காற்றடித்ததும் கதாநாயகன் முகம் பலூன்போல உப்பி உப்பி அடங்கியது, பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கீழ் முனைகளில் செங்கல் கட்டித் தொங்கவிடுங்கள். மாடிப்படிச் சுவரில் வெள்ளையடித்துக்கொண்டால் இன்னும் சிறப்பு. ஏழேகால் மணிக்குமுன் தொடங்காதீர்கள், படம் வெளுத்துத் தெரியும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஆகவே நம் மூன்று மணி நேரப் படங்கள் இதற்கு ஒத்துவாரா. திடீர் மழைக்குத் தார்ப்பாய் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுச் சந்தாவில் வரும் படம் அந்த வீட்டார் பார்ப்பதற்கு மட்டுமே. குடியிருப்பு முழுவதற்கும் காட்டுவதென்றால், கட்டணம் வாங்காவிட்டாலும், உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி பெறுவதே முறை. தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள். 2024 நவம்பர் முதல் யு/ஏ என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், வெறுமனே யு/ஏ என்று பார்த்துவிட்டு ஏழு வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்த காலம் போய்விட்டது.

கேள்வி (ஃபிரேசர் டவுன்): என் மகன் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது, பள்ளியில் கன்னடமும் இந்தியும்தான். நாள் முழுதும் தமிழ்ப் படம் மட்டும் பார்க்கிறான்.

பதில்: அந்தப் பைத்தியத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகளைத் திரையில் காட்டினால் கண் தானாக எழுத்தைத் தொடரும் என்ற யோசனையை அகமதாபாத் ஐ.ஐ.எம்.மைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி 1996இல் முன்வைத்து, தொலைக்காட்சியில் செய்தும் காட்டினார். உங்கள் வீட்டில் அதற்கு ஒரு சாக்பீசே போதும். அவனுக்கு மனப்பாடமான பாட்டின் பல்லவியைப் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி, பாட்டோடு விரல் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். வாரம் ஒரு பாட்டு.

கேள்வி (ஜாலஹள்ளி, ஏழாம் வகுப்பு மாணவன்): மாஸ்டர், நான் படம் எடுக்க வேண்டும். அம்மாவின் பழைய கைபேசிதான் இருக்கிறது.

பதில்: தாராளமாகப் போதும் தம்பி. திரையரங்கில் நீ பார்ப்பது நொடிக்கு 24 அசையாப் படங்கள். நீ ஒரு பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, நொடிக்கு 12 படங்கள் என்ற கணக்கில் எடுத்து ஓடவிட்டாலே அது நடப்பதுபோல் தெரியும். ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள் ஆகின்றன. ஆகவே முதலில் பத்து நொடிக் கதையாக யோசி. ஓர் எலுமிச்சம்பழம் ஃபிரிட்ஜிலிருந்து தப்பித்து ஓடட்டும். கைபேசியைப் புத்தகங்களுக்கு நடுவே அசையாமல் செருகி வை. ஜன்னலை மூடித் திரைச்சீலையை இழுத்துவிட்டு மேசை விளக்கில் எடு. இல்லாவிட்டால், மேகம் சூரியனை மறைக்கும் ஒவ்வொரு தடவையும் வெளிச்சம் மாறிப் படம் மினுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் பழத்தை ஒரு விரல் நக அளவு நகர்த்து, அவசரப்படாதே.

கேள்வி (ராஜாஜி நகர்): ஊரே டேங்கர் லாரிக்காகக் காத்திருக்கும்போது நீச்சல் குளம் ஓர் ஆடம்பரம் இல்லையா?

பதில்: நியாயமான கேள்வி. 2024 மார்ச்சில், தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது என்றும் மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றும் பெங்களூர்க் குடிநீர் வாரியமே ஆணையிட்டது. அந்தக் கோடையில் நானும் பிள்ளைகளைத் தரையில் படுக்க வைத்துத்தான் கால் உதைக்கப் பழக்கினேன். மற்ற ஆண்டுகளில் கணக்கு வேறு. 25 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள குளத்தில் ஏறத்தாழ நான்கு லட்சம் லிட்டர் பிடிக்கும், ஆனால் அதையே வடிகட்டி வடிகட்டித் திரும்ப விடுகிறார்கள். நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் இழப்பு 1,500 லிட்டர். ஒரு பொதுக்குளத்தில் இருநூறு பேர் நீந்தினால் ஆளுக்கு ஏழரை லிட்டர். நாலே பேர் இறங்கும் தனி வீட்டுக் குளத்தைத்தான் நான் ஆடம்பரம் என்பேன்.

கேள்வி (பானஸ்வாடி): மாலை வகுப்பில் தூரத்தில் இடி கேட்டால் வெளியே வர வேண்டுமா? மழையே பெய்யவில்லையே என்கிறான் பையன்.

பதில்: உடனே வர வேண்டும். இடி காதில் விழுகிறதென்றால் மின்னல் தாக்கும் தொலைவில் நீங்கள் இருக்கிறீர்கள். அதற்கு மழை பெய்தாக வேண்டும் என்பதில்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை கட்டடத்துக்குள்ளேயே இருக்கட்டும். ஷவரிலும் நிற்க வேண்டாம். துண்டும் ஒரு பொட்டலம் வேர்க்கடலையும் கொடுத்து அனுப்புங்கள், அரை மணி நேரம் போவதே தெரியாது.