கிபாலே காட்டுக்குப் போகுமுன்: வாசகர் கேள்விகள்

உகாண்டாவின் கிபாலே மழைக்காடு பற்றிய கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. பாதிப் பேர் கேட்டிருப்பது, சளியோடு போகலாமா என்ற ஒரே கேள்வியைத்தான். சேர்த்து வைத்துப் பதில் சொல்கிறேன்.

விமான டிக்கெட், விடுதி எல்லாம் போட்டாயிற்று. சிம்பன்சி பார்க்கும் பெர்மிட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா? (கோவை)

தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். முதலில் பெர்மிட், அப்புறம்தான் டிக்கெட். ஒரு குழுவுக்கு ஆறு பேர், காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை, அவ்வளவுதான் இடம். ஜூலை, ஆகஸ்ட், டிசம்பரில் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துபோகும். வெளிநாட்டவருக்கு 250 டாலர் பக்கம். சிம்பன்சிகள் கூட்டைவிட்டு எழுவதிலிருந்து மறுபடி கூடு கட்டிப் படுக்கும்வரை கூடவே நடக்கும் முழுநாள் பெர்மிட் 400 டாலர் பக்கம். கால் வலுவும் பொறுமையும் உள்ளவர்கள் இரண்டாவதை வாங்குங்கள். முதலாவதில் சிம்பன்சியோடு ஒரு மணி நேரம்தான்.

அதே நாளில் கொரில்லாவையும் பார்க்க முடியுமா? (திருச்சி)

கிபாலேயில் கொரில்லா கிடையாது. பிவிண்டி என்ற வேறு காட்டுக்குப் போக வேண்டும், அது தனிப் பயணம், தனிப் பெர்மிட். வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

மகனுக்கு ஒன்பது வயது. அழைத்துப் போகலாமா? (சிங்கப்பூர்)

சிம்பன்சி நடைக்கு 12 வயது ஆகியிருக்க வேண்டும். வயதைக் கூட்டிச் சொன்னால் தெரியுமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். பாஸ்போர்ட்டில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்! பையனை பிகோடி சதுப்புநிலத்துக்குக் கூட்டிப்போங்கள். சிம்பன்சி நடை தொடங்கும் கன்யான்சு வரவேற்பு மையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள், வரும்படியும் ஊருக்கே போகிறது. சிவப்புக் கொலோபஸ் குரங்கு, கோழியைவிடப் பெரிதான நீல டுராக்கோ பறவை எல்லாம் அங்கே நிதானமாகப் பார்க்கலாம். சொல்லப்போனால், பறவைக்காரர்களுக்கு பிகோடியில் கிடைப்பது அடர்காட்டுக்குள் சுலபத்தில் கிடைக்காது.

லேசான சளிதான் சார், காய்ச்சல்கூட இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு போகலாம் அல்லவா? (சென்னை, மதுரை, யாழ்ப்பாணம், இன்னும் பலர்)

போகாதீர்கள். முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். அந்த "லேசு" நமக்குத்தான். மரபணுவில் 98 சதவீதத்துக்கும் மேல் நம்மோடு ஒத்துப்போகிற விலங்கு அது. நம் தொண்டையில் தங்கும் கிருமி அதன் தொண்டையிலும் தங்கும். நம் பிள்ளைகளுக்கு மூக்கொழுக வைக்கிற ரைனோவைரஸ் சி, 2013-இல் இதே கிபாலேயில் கன்யாவாரா என்ற சிம்பன்சிக் கூட்டத்துக்குள் புகுந்தது. 56 சிம்பன்சிகளில் 5 செத்தன. அதில் ஒன்று இரண்டு வயதுக் குட்டி. 2016 கடைசியில் ங்கோகோ கூட்டத்தில் வேறொரு மனித சுவாச வைரஸ். அங்கே ஏறக்குறைய 25 சிம்பன்சிகள் செத்தன.

இவை இரண்டும் சுற்றுலாக்காரர்கள் போகும் கூட்டங்கள் அல்ல, ஆராய்ச்சிக்கான கூட்டங்கள். யார் கொண்டுபோனார் என்று விரல் நீட்டவும் முடியாது. ஆனால் விதிகளையெல்லாம் தெரிந்தவர்கள் நடமாடும் இடத்திலேயே இப்படி என்றால், தினமும் புதுப்புது முகங்கள் போகும் கன்யான்சுவில் எவ்வளவு கவனம் வேண்டும்? பெண் சிம்பன்சி ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறைதான் குட்டி போடும். போன ஐந்தை ஈடுகட்ட எத்தனை காலம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இருமல் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு காலையில் ரேஞ்சர் விதிகளை விளக்கும் கட்டத்தைத் தாண்டிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேடு ஏறி மூச்சு வாங்கியதும் முகக்கவசம் தாடைக்கு இறங்கும், இருமல் வெளியே வரும். கேட்டால், "இவ்வளவு காசு கொடுத்திருக்கேனே!" காசு உங்களுடையது, நுரையீரல் அதனுடையது. பயணத்தில் ஒரு நாள் உபரி வைத்துக்கொள்ளுங்கள், உடம்பு சரியில்லையென்றால் பெர்மிட் என்ன ஆகும் என்று பதிவு செய்யும்போதே கேட்டு வையுங்கள். முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். எட்டுப் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். அது உங்களை நோக்கி வந்தால் நீங்கள் பின்வாங்குங்கள், ஓடாதீர்கள். உள்ளே சாப்பிடக் கூடாது, துப்பக் கூடாது. அவசரமென்றால் ரேஞ்சரிடம் சொல்லுங்கள், குழி தோண்டித் தருவார்.

பச்சை மார்புப் பிட்டாவைப் பார்க்க என்ன வழி? (திண்டுக்கல்)

இப்படிக் கேட்பவர்களுக்கு எழுதத்தான் எனக்குப் பிடிக்கும். நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் ஆறுமணிக்குருவியின் ஆப்பிரிக்க உறவு இது. இருட்டோடு கிளம்ப வேண்டும், பறவை தெரிந்த ரேஞ்சர் வேண்டும். விடியும் நேரத்தில் தாழ்ந்த கிளையிலிருந்து ஒரு சாண் எம்பி, சிறகைச் சட்டென அடித்து, அதே கிளையில் வந்து உட்காரும். அந்த எம்பலில் "ப்ர்ர்ப்" என்று ஒரு சத்தம். அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெயில் ஏறினால் தரையில் இறங்கிச் சருகோடு சருகாகிவிடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வாய்ப்பு அதிகம். செல்போனில் அதன் குரலைப் போட்டு இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

ஷூபில் பறவை கிபாலேயில் உண்டா? (சேலம்)

இல்லை. என்டெபே பக்கத்தில் மபம்பா சதுப்புநிலம். படகில் போக வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பறவை பார்க்க ராணுவப் பச்சைப் புள்ளி உடை வாங்கியிருக்கிறேன். சரிதானே? (ஈரோடு)

வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உகாண்டாவில் அந்த உடையைப் பொதுமக்கள் போடுவது குற்றம். சாதாரண காக்கி, மங்கிய பச்சை போதும். முழுக்கை, முழுக்கால். பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகுங்கள். சஃபாரி எறும்பு வரிசையை மிதித்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் 600 மி.மீ. லென்ஸ் போதுமா? (பெங்களூரு)

அதிகம். காட்டுக்குள் வெளிச்சம் கம்மி, சிம்பன்சி கறுப்பு, பின்னால் வெளுத்த வானம். 70-200 எஃப் 2.8 இருந்தால் அதை எடுங்கள். ஐஎஸ்ஓ 3200-க்குப் பயப்படாதீர்கள். மரத்தில் இருக்கும் சிம்பன்சிக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது.

எந்த மாதம் நல்லது? (கொழும்பு)

டிசம்பர் முதல் பிப்ரவரி, ஜூன் முதல் ஆகஸ்ட். மழைக்காடு என்பதால் மழைக்கோட்டு எல்லா மாதமும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? (வேலூர்)

கட்டாயம். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழைப் போகும்போது உகாண்டாவில் கேட்பார்கள், திரும்பும்போது இங்கே கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி உட்கார வைப்பார்கள். பெட்டியில் போட்டுவிட்டு கவுன்டரில் முழிக்காமல், பாஸ்போர்ட்டோடு வையுங்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

சிம்பன்சிக்கு வாழைப்பழம் கொண்டுபோகலாமா? (பெயர் போடவில்லை)

கூடாது. அத்திப்பழம் அந்தக் காட்டிலேயே காய்த்துத் தொங்குகிறது.