வலி இல்லாத கண் புண்: சர்க்கரை உள்ளவர்களின் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் கண் நோயாளிகளைப் பார்ப்பவன் நான். கருவிழிப் புண் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 12 வருஷமாகச் சர்க்கரை. தேயிலைக் கவாத்தின்போது குச்சி கண்ணில் கீறி மூன்று வாரம் ஆகிறது. வலி நின்றுவிட்டது. ஆனால் புண் ஆறவில்லை என்கிறார்களே?

வலி நின்றதுதான் என்னைப் பயமுறுத்துகிறது, தங்கச்சி. செருப்பு நழுவியது தெரியாமலே நடந்து போகிற சர்க்கரைக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். கால் மரத்துப்போவது போலவே கருவிழியும் மரத்துப்போகும். அங்குள்ள நரம்புகளுக்கு வலியைச் சொல்வது மட்டும் வேலையில்லை. கண்ணைச் சிமிட்ட வைப்பதும், கண்ணீர் சுரக்க வைப்பதும், மேல்தோல் வளர ஊட்டம் தருவதும் அவைதான். அவை நலிந்தால், மற்றவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் ஆறுகிற சிறு கீறல் வாரக்கணக்கில் நிற்கும். புதுத்தோல் மூடினாலும் அடியில் சரியாக ஒட்டாமல் மறுபடி உரியும். ஆகவே வலியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மஞ்சள் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் புண் பச்சையாகத் தெரியும். அந்தப் பச்சைப் பரப்பு நாளுக்கு நாள் சுருங்குகிறதா என்பதே கேள்வி. குச்சி பட்ட புண் என்பதால் பூஞ்சை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்துக் கடையில் கொடுத்த சொட்டு மருந்தில் சிவப்பு குறைந்தது. தொடரலாமா?

வேண்டாம். ஸ்டீராய்டாக இருந்தால் சிவப்பு மறையும், பூஞ்சை உள்ளே வளரும். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தும் அப்படித்தான், புண் ஆறவே ஆறாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள்.

இன்சுலினைக் கண்ணில் விட்டால் ஆறுமாமே? அப்பாவின் பாட்டிலிலிருந்தே விடலாமா?

பாதி உண்மை, தம்பி. ஆறாத புண்ணுக்கு இன்சுலின் சொட்டு கொடுக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு ஒரு யூனிட் அளவில்தான். அப்பாவின் பாட்டிலில் பொதுவாக மில்லிக்கு 40 யூனிட் இருக்கும். கிருமி சேராமல் கலக்க வேண்டிய மருந்து அது, வீட்டுச் சமையலறையில் ஆகாது.

சீரம் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஊட்டிக் குளிரில் வெளியே வைத்தால் போதாதா?

நம்ம ஊர்க் குளிர் மனிதரைத்தான் நடுங்க வைக்கும், ஐயா. மருந்துக்கு அது போதாது. உங்கள் ரத்தத்திலிருந்தே பிரித்து, பெரும்பாலும் 20 சதவீதமாக நீர்த்து, பதப்படுத்தும் பொருள் எதுவும் சேர்க்காமல் தருவது அது. ஃப்ரிட்ஜில் வையுங்கள். கோயம்புத்தூரிலிருந்து மலையேறும்போது ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவாருங்கள்.

இமையைத் தைக்கணும் என்கிறார்கள். பார்வை போய்விடுமா?

போகாது. சொட்டு மருந்து, புண்ணை மூடிக் காக்கும் பாண்டேஜ் லென்ஸ், புண்மேல் வைக்கும் பனிக்குடச் சவ்வு (கருவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வு) எதற்கும் புண் மசியாதபோது பெரும்பாலும் இமையின் வெளி ஓரத்தை மட்டும் தைப்பார்கள். கோத்தகிரிக் காற்று நேராகப் படாமல் இமை புண்ணைப் பொத்திக்கொள்ளும். ஆறியபின் பிரித்துவிடலாம்.