கால் பெருவிரல் புடைப்பு ஆபரேஷனுக்கு கேஷ்லெஸ் மறுப்பு

அம்மாவின் பெருவிரல் புடைப்பு ஆபரேஷனுக்கு கேஷ்லெஸ் (இன்சூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவது) கேட்டதை, ‘காஸ்மெட்டிக்’ (அழகுக்கான சிகிச்சை) என்று கம்பெனி நிராகரித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மறுப்புக் கடிதத்தில் எந்த விதி எண் என்று முதலில் பாருங்கள். எக்ஸ்க்ளூஷன் (பாலிசி பணம் தராதவற்றைச் சொல்லும் விலக்கு விதி) 1 அல்லது 2 என்றால் அது காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்துக் குறிப்பிட்ட மாதங்கள் கழிந்த பிறகே பணம் தருவார்கள். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதிப்படி அதிகபட்சம் 36 மாதம். அந்தக் காலம் முடியும்வரை வாதாடிப் பயனில்லை.

8 என்றால் விடாதீர்கள். அது தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்கான விதி. இதுவோ மூட்டுக் கோணலைச் சரிசெய்வது. பெரும்பாலும் டாக்டர் கடிதம்தான் சொதப்பியிருக்கும். “வலி உள்ளது” என்ற ஒற்றை வரி போதாது. நோயின் பெயர் ஹாலக்ஸ் வால்கஸ் என்று இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் கோணம் எத்தனை டிகிரி (15-க்கு மேல் கோணல்), அகலச் செருப்பும் மாத்திரையும் எத்தனை மாதம் பலன் தரவில்லை, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எல்லாம் வேண்டும். எக்ஸ்ரே நின்றபடி எடுத்ததா? படுத்து எடுத்தால் கோணம் குறைத்துக் காட்டும்.

இவற்றோடு கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மெயில் போடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது மறுபடி மறுப்பு என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

பாலிசியில் ரூம் வாடகை வரம்பு இருந்தால் அதைத் தாண்டாதீர்கள், டாக்டர் கட்டணம் போன்ற மற்ற செலவுகளிலும் விகிதப்படி வெட்டலாம்.