பாட்டா சொன்ன கதையும் இரும்பில் அடித்த முத்திரையும்

பட்டாளத்தில் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்க்கிற வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன் நான். ஊர் தக்கலைப் பக்கம். பழைய துப்பாக்கி முத்திரைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று: எந்த ரைஃபிளைத் தொட்டாலும் முதலில் போல்ட்டை (குழலின் பின்வாயை அடைக்கும், கைப்பிடி வைத்த தண்டு) இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று விரலை விட்டுப் பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து: அண்ணாச்சி, மச்சைச் சுத்தம் பண்ணும்போது சாக்கில் சுற்றிய ரைஃபிள் ஒன்று கிடைத்தது. முதல் உலகப்போரில் மெசபடோமியா போன பாட்டா கொண்டுவந்தது என்கிறாள் அத்தை. போல்ட் கைப்பிடிக்குக் கீழே கிரீடம், ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1942, ரோமன் எழுத்தில் மூன்று, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

அத்தையைக் குறை சொல்லவில்லை. ஆனால் 1942-ல் செய்ததை 1918-ல் ஊருக்குத் தூக்கிவர முடியாதே! பாட்டா போருக்குப் போனது நிஜமாக இருக்கலாம், இந்தத் துப்பாக்கி அவரோடு போகவில்லை. ஜி.ஆர்.ஐ. என்றால் லத்தீனில் 'ஜார்ஜ், மன்னர், பேரரசர்'. இஷாப்பூர், மேற்கு வங்கத்தில் ஹூக்ளிக் கரையில் இருக்கும் ரைஃபிள் ஃபேக்டரி. ரோமன் மூன்று மாடலின் எண். நட்சத்திரம் அழகுக்கு அடித்தது இல்லை. முதல் போர் நடக்கும்போது வேலையைக் குறைக்க மேகசினை (தோட்டா அடுக்கும் பெட்டி) மறைக்கும் தகடு, நெடுந்தூரத்துக்கான பக்கவாட்டுக் குறி எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். அப்படி எளிமையாக்கிய மாடலுக்குத்தான் அந்த நட்சத்திரம்.

அடுத்து நம்பரைப் பாருங்கள். குழலின் பின்புறம், போல்ட் கைப்பிடியின் அடி, பின்குறித் தகடு, முன்மூக்கு இரும்பு, நாலிலும் ஒரே நம்பர் இருந்தால் பிரிக்காத துப்பாக்கி. தோளில் ஊன்றும் கட்டையில் எஸ் என்றோ எல் என்றோ இருந்தால் அது பட்டாளக்காரனின் கை நீளத்துக்கு ஏற்ற குட்டைக் கட்டை, நெட்டைக் கட்டை. நடுத்தரத்துக்கு எழுத்தே கிடையாது.

அம்புக்குறியின் கீழ் ஐ என்ற எழுத்து இருக்கிறதா? இருந்தால் அது இந்திய அரசாங்கச் சொத்து. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால்தான் அரசு விற்றுக் கழித்தது என்று அர்த்தம். உங்கள் ரைஃபிளின் குழல் அளவு .303, அது பட்டாள ரகம், சாதாரண லைசென்ஸில் வீட்டில் வைக்க முடியாது. சாதாரண ஜனங்களுக்கு விற்பதற்கென்றே நம் நாட்டு ஃபேக்டரிகள் .315 என்று வேறு அளவில் செய்தன. இன்றைக்கே ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் தலையில்தான் விடியும். (விலை கேட்டு எழுதிய இருவருக்கும் இதேதான் பதில்.)

குலசேகரத்திலிருந்து ஒரு ரிட்டையர்டு வாத்தியார்: எங்கள் பள்ளி என்.சி.சி. அறையில் இருந்த ரைஃபிள்களில் டி.பி. என்று பெரிதாக அடித்திருக்கும். டெல்லி போலீஸா சார்?

இல்லை சார், 'டிரில் பர்ப்பஸ்'. அணிவகுப்புக்கு மட்டும், சுட லாயக்கில்லை என்று ஒதுக்கியது. சுட்டுப் பார்க்க நினைத்தாலே ஆபத்து.

தோவாளையிலிருந்து: குழலின் மேல்மரத்தைச் சுற்றிச் செம்புக் கம்பி இறுக்கிக் கட்டியிருக்கிறது. உடைந்ததை ஒட்டுப்போட்டதா, மாமா?

மருமகனே, நல்ல கண்ணு உனக்கு. ஒட்டு இல்லை. முனையில் கிண்ணம் மாட்டிக் கைக்குண்டை வீசுகிற ரைஃபிள் அது. அந்த உதையில் மரம் பிளந்துவிடக் கூடாது என்றுதான் கம்பி.

குளச்சலிலிருந்து: எங்கள் வீட்டு நாட்டுத் துப்பாக்கி 1741 குளச்சல் போரில் டச்சுக்காரனிடமிருந்து பிடித்தது என்று கேள்வி. பூட்டுத் தகட்டில் கிரீடமும் 'டவர்' என்ற எழுத்தும் இருக்கிறது. குதிரைக்குக் கீழே சின்ன மூக்கு மாதிரி ஒன்று.

கடலோரத்தில் இந்தக் கதை சொல்லாத வீடு குறைவு! டச்சுக் கம்பெனியின் முத்திரை வேறு. பெரிய வி, அதன் இரண்டு கால்களிலும் ஓ, சி. டவர் என்பது லண்டன் கோட்டை ஆயுதசாலையின் பெயர், பின்னாளில் வியாபாரத் துப்பாக்கிகளிலும் அதையே பார்த்து அடித்தார்கள். பெயரைவிட அந்த மூக்கு முக்கியம். அதில் மாட்டுவது கேப்பு, குதிரை அடித்தால் பொறி விடும் சின்ன உலோகத் தொப்பி. கேப்புத் துப்பாக்கி பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் காலத்தில் சக்கிமுக்கிக் கல்தான். அவர் அடங்கிய இடம் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

ஆனால் முதலில் இதைச் செய்யுங்கள். குழல் வாய்க்கு நேரே நிற்காமல், ஒரு மெல்லிய மூங்கில் கம்பை உள்ளே மெதுவாக விட்டு, வாய் விளிம்பில் விரலால் பிடித்து வெளியே எடுங்கள். அதே கம்பைக் குழலுக்கு வெளிப்புறம் வைத்துப் பாருங்கள். மூக்குக்கு நாலு விரல் முன்னாலேயே நின்றுவிட்டால், பழைய மருந்தும் குண்டும் உள்ளேயே கிடக்கலாம். அப்புறம் தொடாதீர்கள், நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், போலீஸுக்குச் சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: முத்திரை தேய்ந்து தெரியவில்லை. உப்புத்தாள் போடலாமா?

ஐயோ, வேண்டாம். மிச்ச எழுத்தும் போய்விடும். மண்ணெண்ணெயில் பஞ்சை நனைத்து அழுக்கை எடுங்கள், காய்ந்ததும் முகப்பவுடரைத் தடவி மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். ராத்திரி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், எழுத்து எழும்பி வரும். தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கத்தையும் விடுங்கள், பித்தளையில் பச்சை பிடிப்பது அதனால்தான்.